டிஸ்னியும் யுனிவர்சலும்: ஒர்லாண்டோ தீம் பார்க்குகளின் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஒர்லாண்டோ நகரைச் சுற்றி இரண்டு பெரிய நிறுவனங்கள் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒன்றையொன்று முந்துவதற்காகப் புதிய சவாரிகளையும் புதிய பூங்காக்களையும் கட்டி வருகின்றன. பள்ளி விடுமுறை நெருங்கும்போது அங்கே செல்லத் திட்டமிடும் தமிழ்க் குடும்பங்களும், ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எந்தப் பூங்கா சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு அங்கே செலவழிக்கும் நாளும் பணமும் வீணாகாது என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

ஒர்லாண்டோவில் போட்டியிடும் பூங்காக்கள் எவை?

டிஸ்னியிடம் நான்கு பெரிய பூங்காக்கள் உள்ளன: மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்படும் பூங்கா (1989), அனிமல் கிங்டம் (1998). யுனிவர்சலிடம் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் புளோரிடா (1990), ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் (1999), எபிக் யுனிவர்ஸ் (2025) ஆகிய மூன்றும், வால்கனோ பே (2017) என்ற நீர்ப் பூங்காவும் உள்ளன. 1973 முதல் இயங்கும் சீவேர்ல்டு, விண்டர் ஹேவனில் உள்ள லெகோலேண்டு போன்றவையும் அதே சுற்றுலாப் பயணிகளை எதிர்பார்த்தே நடக்கின்றன. ஆனாலும் பெரும் பணம் முதலீடு செய்யப்படும் போட்டி முதல் இருவருக்கும் இடையில்தான் நடக்கிறது.

இந்தப் போட்டி எப்போது, எதனால் தொடங்கியது?

1960-களின் நடுவில் டிஸ்னி நிறுவனம் ஒர்லாண்டோவுக்குத் தென்மேற்கே சதுப்பும் காடுமாகக் கிடந்த சுமார் 27,000 ஏக்கர் நிலத்தை வாங்கியது. வாங்குவது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால், வேறு வேறு பெயர்களில் பதிவு செய்த நிறுவனங்கள் வழியாகவே பெரும்பகுதி நிலம் வாங்கப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் அதற்கு இணையான எதிரி இருக்கவில்லை.

1980-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் தான் நடத்திவந்த ஸ்டுடியோச் சுற்றுலாவைப் போன்ற ஒன்றை ஒர்லாண்டோவிலும் அமைக்க யுனிவர்சல் திட்டமிட்டு, அதற்குக் கூட்டாளி தேடி, பாரமவுண்ட் என்ற திரைப்பட நிறுவனத்தையும் அணுகியது. அப்போது அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் மைக்கேல் ஐஸ்னர். அவர் 1984-ல் டிஸ்னியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அடுத்த ஆண்டே டிஸ்னியும் புளோரிடாவில் ஒரு ஸ்டுடியோப் பூங்கா கட்டப்போவதாக அறிவித்தது. தங்கள் திட்டத்தைப் பார்த்துவிட்டே இதைச் செய்தார் என்று யுனிவர்சல் தலைவர்கள் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள், ஐஸ்னர் மறுத்தார். உண்மை எதுவாயினும், டிஸ்னியின் பூங்கா 1989 மே மாதத்தில், யுனிவர்சலுக்கு ஓராண்டு முன்னதாகவே திறக்கப்பட்டது. அந்த அவசரத்தின் தடம் அதில் தெரிந்தது. திறப்பு நாளில் அங்கே பெரிய சவாரிகள் இரண்டே இரண்டுதான் இருந்தன.

யுனிவர்சல் திறந்த முதல் நாளே தோல்வியில் முடிந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1990 ஜூன் 7 அன்று பூங்கா திறக்கப்பட்டபோது கிங்காங், நிலநடுக்கம், சுறா ஆகிய மூன்று முக்கியச் சவாரிகளும் சரிவர இயங்கவில்லை. கோபத்துடன் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு இன்னொரு நாள் இலவசமாக வருவதற்குச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். தண்ணீருக்கு அடியில் பெரிய இயந்திரச் சுறாவை நகர்த்தும் தொழில்நுட்பம் அன்று அந்த வேலைக்குத் தாங்கவில்லை. ஆகவே சுறாச் சவாரியை மூடி, ஏறத்தாழ முழுவதையும் மாற்றி வடிவமைத்து, 1993-ல்தான் மீண்டும் திறந்தார்கள். எதிரியைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற வேகத்தில், இயந்திரம் நாள் முழுவதும் ஓட வேண்டும் என்ற அடிப்படையைத் தவறவிட்டார்கள் என்பதே என் கருத்து. அதே தவறு வேறு வேறு வடிவங்களில் இரண்டு பக்கமும் பின்னர் நடந்திருக்கிறது.

ஹாரி பாட்டர் பகுதியை ஏன் எல்லோரும் திருப்புமுனை என்கிறார்கள்?

1999-ல் திறந்த ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் நல்ல ரோலர் கோஸ்டர்களும் ஸ்பைடர்மேன் சவாரியும் இருந்தும், அது எதிர்பார்த்த கூட்டத்தை ஈர்க்கவில்லை. துறை சார்ந்த ஆண்டறிக்கைகளின் மதிப்பீட்டின்படி 2009-ல் அங்கே வந்தவர்கள் சுமார் 46 லட்சம் பேர். 2010 ஜூன் 18 அன்று ஹாரி பாட்டர் கிராமம் திறந்தது. அந்த ஆண்டு எண்ணிக்கை 59 லட்சமாகவும், 2011-ல் 76 லட்சத்துக்கு மேலாகவும் உயர்ந்தது. ஏற்கெனவே இயங்கிவந்த ஒரு பூங்காவுக்கு இரண்டே ஆண்டுகளில் கிடைத்த இந்த வளர்ச்சி துறையில் இருந்த அனைவரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

சவாரி நன்றாக இருந்தது என்பது காரணத்தில் பாதிதான். அதுவரை ஒரு கதையை எடுத்துக்கொண்டு ஒரு சவாரி கட்டுவார்கள். வாசலில் ஒரு கடை வைப்பார்கள். இங்கே தெரு, கடை, பானம், கூரையில் படிந்த பனி, கழிவறையில் கேட்கும் குரல்வரை எல்லாமே அந்தக் கதையைச் சேர்ந்தவை. வருகிறவர் சவாரியில் ஏறாமலே இரண்டு மணி நேரம் அங்கே நின்று பணம் செலவழிக்கிறார். மந்திரக்கோலை வாங்கிய குழந்தை அதை ஒரு கடைச் சன்னலுக்கு நேராகச் சரியான வடிவில் அசைத்தால், உள்ளே ஒரு பொருள் அசைகிறது. கோலின் நுனியில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியைக் கேமரா படித்துத்தான் இது நடக்கிறது. அந்தக் கோலின் விலை சாதாரணப் பொம்மையின் விலையன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2014-ல் யுனிவர்சல் இன்னொரு படி மேலே சென்றது. சுறாச் சவாரியை 2012 ஜனவரியில் நிரந்தரமாக மூடிவிட்டு, அதே இடத்தில் லண்டன் தெருவையும், கதையில் வரும் மந்திரவாதிகளின் கடைத்தெருவான டயகன் ஆலியையும் கட்டியது. பழைய பகுதி ஒரு பூங்காவிலும் புதிய பகுதி அடுத்த பூங்காவிலும் இருப்பதால், இரண்டையும் இணைக்க ஒரு ரயிலும் விடப்பட்டது. நீராவி ரயில்போலத் தோன்றினாலும், அது பழனி மலையில் ஓடும் விஞ்சைப் போலக் கம்பிவடத்தால் இழுக்கப்படும் ஏற்பாடு. ஒரு வண்டி போகும்போது இன்னொன்று வந்து நடுவில் விலகிச் செல்லும். பெட்டியின் சன்னல் உண்மையில் ஒரு திரை. போகும்போது ஒரு காட்சியும் திரும்பும்போது வேறொரு காட்சியும் அதில் ஓடுகின்றன. நடைமேடைக்குப் போகும் வழியில், முன்னால் நடப்பவர் செங்கல் சுவருக்குள் புகுந்து மறைவதாகப் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். நடந்து போகிறவருக்கோ அது சாதாரண நடைபாதை; தன் பின்னால் ஒரு குழந்தை வாய் பிளந்து நிற்பது அவருக்குத் தெரியாது.

அந்த ரயிலில் ஏற இரண்டு பூங்காக்களுக்கும் செல்லுபடியாகும் விலை கூடிய நுழைவுச்சீட்டு வேண்டும். கதையையும் வருமானத்தையும் இவ்வளவு இயல்பாக ஒன்று சேர்த்த வேறோர் அமைப்பை இந்தத் துறையில் நான் அறியேன்.

டிஸ்னி அதற்கு எப்படிப் பதில் கொடுத்தது?

தாமதமாக, ஆனால் பெரிய அளவில் கொடுத்தது. அனிமல் கிங்டத்தில் அவதார் உலகம் 2017 மே மாதத்தில், யுனிவர்சலின் நீர்ப் பூங்கா திறந்த அதே வாரத்தில் திறக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் ஹாலிவுட் ஸ்டுடியோஸில் ஸ்டார் வார்ஸ் பகுதி வந்தது. அதன் முக்கியச் சவாரி அப்போது தயாராகாததால், ஒரே ஒரு சவாரியுடன் அந்தப் பகுதி திறக்கப்பட்டது. மற்றது டிசம்பரில்தான் வந்தது. பின்னர் 2022-ல் எப்காட்டில் காஸ்மிக் ரீவைண்ட், 2023-ல் மேஜிக் கிங்டத்தில் டிரான் ஆகிய ரோலர் கோஸ்டர்கள் சேர்ந்தன.

அதே 2019 ஜூனில் யுனிவர்சல் திறந்த ஹாக்ரிட் மோட்டார் சைக்கிள் ரோலர் கோஸ்டருக்கு முதல் நாள் காத்திருப்பு நேரம் பத்து மணி நேரம்வரை சென்றது. டிஸ்னியின் அறிவிப்புகளைப் பற்றியே உலகம் பேசிக்கொண்டிருந்த கோடையில், ஸ்டார் வார்ஸ் பகுதி திறப்பதற்குச் சில வாரங்கள் முன்னதாக யுனிவர்சல் செய்த நகர்வு இது. 2021-ல் வெலோசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டரும் அங்கே வந்த பிறகு, துணிச்சலான சவாரி விரும்பும் இளைஞர்களுக்கு யுனிவர்சல், சிறு குழந்தைகளுடன் வரும் குடும்பங்களுக்கு டிஸ்னி என்ற பிரிவு ஓரளவு நிலைபெற்றது. அந்தப் பிரிவை உடைக்கத்தான் இருவரும் இன்று முயல்கிறார்கள்.

மார்வெல் டிஸ்னியின் சொத்தாக இருக்கும்போது, ஸ்பைடர்மேன் எப்படி யுனிவர்சலில் இருக்கிறார்?

ஸ்பைடர்மேன் போன்ற காமிக்ஸ் நாயகர்களை உருவாக்கிய மார்வெல், 1994-ல் தனி நிறுவனமாக இருந்தபோதே யுனிவர்சலுடன் பூங்கா உரிமைக்கான ஒப்பந்தம் செய்துகொண்டது. டிஸ்னி 2009-ல் சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்குவதாக அறிவித்தபோது, அந்த ஒப்பந்தமும் சேர்ந்தே வந்தது. அதன்படி யுனிவர்சல் பயன்படுத்திவரும் பாத்திரங்களை மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள தன் பூங்காக்களில் டிஸ்னி பயன்படுத்த இயலாது. யுனிவர்சல் தொடாமல் விட்ட கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி குழுவை மட்டும் எப்காட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது இதனால்தான். அந்தக் குழுவை வைத்துக் கட்டிய காஸ்மிக் ரீவைண்ட் சவாரியின் பெயர்ப்பலகையில் மார்வெல் என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது.

எபிக் யுனிவர்ஸில் புதிதாக என்ன இருக்கிறது?

2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, கொரோனாக் காலத்தில் வேலை நின்று, 2021-ல் மீண்டும் தொடங்கி, 2025 மே 22 அன்று திறக்கப்பட்ட பூங்கா இது. செலவு 700 கோடி டாலர் அளவுக்குச் சென்றதாகச் செய்திகள் கூறின. பழைய வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, புதிதாக வாங்கிய நிலத்தில் அமைந்துள்ளது. நடுவில் தோட்டமும் நீரூற்றுகளும் கொண்ட செலஸ்டியல் பார்க். அதிலிருந்து நிண்டெண்டோ வீடியோ கேம்களின் உலகம், பழைய பேய்ப் படங்களின் உலகம், டிராகன் தீவு, ஹாரி பாட்டரின் மூன்றாவது பகுதி என நான்கு உலகங்களுக்கு வாயில்கள் உள்ளன. ஓர் உலகத்தில் நிற்கும்போது அடுத்ததன் கோபுரம் கண்ணில் படாதபடி கட்டியிருப்பதே இதன் கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

நிண்டெண்டோ உலகில் ஒரு சுரங்க வண்டிச் சவாரி இருக்கிறது. தண்டவாளம் நடுவில் உடைந்திருக்கும். வண்டி அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் தண்டவாளம் பொய். மெய்யான பாதை அதற்குக் கீழே மறைவாக ஓட, அதிலிருந்து எழும் இரும்புக் கையின் நுனியில் வண்டி பொருத்தப்பட்டிருக்கிறது. அருமையான யோசனைதான். ஆனால் அந்த வண்டியில் ஒரு முறைக்கு நான்கு பேர் மட்டுமே அமர முடியும். ஆகவே வரிசை நகர்வது மெதுவாகவே இருக்கும்.

இவ்வளவு புதிய சவாரிகள் வந்தும் வரிசை ஏன் குறைவதில்லை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் இருப்பவர் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு சவாரியின் மதிப்பை உயரத்தாலும் வேகத்தாலும் விளம்பரம் அளக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களோ ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடிகிறது என்பதால் அளக்கிறார்கள். 24 இருக்கைகள் கொண்ட வண்டியை நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பினால் மணிக்கு 1,440 பேர் ஏறலாம். ஒருவர் பையை எங்கே வைப்பது என்று தேடுவதாலும், இன்னொருவருக்குப் பாதுகாப்புக் கம்பி பூட்டாததாலும் ஒவ்வொரு வண்டியும் 30 வினாடி தாமதமானால், அதே சவாரியில் 960 பேர்தான் ஏற முடியும். மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பிற்பகலில் இடி மின்னலுக்காக ஒரு மணி நேரம் நிறுத்தினால், அந்த ஒரு மணி நேரக் கூட்டம் முழுவதும் மற்ற வரிசைகளில் போய்ச் சேரும்.

புதிய சவாரி தான் ஏற்றிக்கொள்ளும் ஆட்களைவிட அதிகமான ஆட்களைப் பூங்காவுக்கு வரவழைக்கிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. விளம்பரத்தில் வராத பழைய, பெரிய படகுச் சவாரிகள் சத்தமில்லாமல் மணிக்கு ஆயிரக்கணக்கானவர்களைச் சுமக்கின்றன. அவற்றை மூடிவிட்டுச் சிறிய வண்டிகள் கொண்ட நவீனச் சவாரியைக் கட்டும்போது, பூங்கா புதிதாகிறது, வரிசையோ நீள்கிறது.

யுனிவர்சல் வளர்ந்தால் டிஸ்னிக்கு நட்டமா?

இதுவரை அப்படி நடக்கவில்லை. ஹாரி பாட்டரால் யுனிவர்சல் வேகமாக வளர்ந்த 2009-க்கும் 2014-க்கும் இடையில், மேஜிக் கிங்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் 1.72 கோடியிலிருந்து 1.93 கோடியாக உயர்ந்தது என்று அதே ஆண்டறிக்கைகள் மதிப்பிட்டன. 2023-ல் அது 1.77 கோடியாகவும், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் சுமார் ஒரு கோடியாகவும் இருந்தன. இருவரும் உண்மையில் போட்டியிடுவது விடுமுறை நாள்களுக்காக. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் கிடைக்கிறது என்றால், முன்பு ஐந்து நாள் டிஸ்னிக்கும் ஒரு நாள் யுனிவர்சலுக்கும் போனது. மூன்றாவது பூங்காவையும் புதிய விடுதிகளையும் கட்டியதன் மூலம், அந்த வாரம் முழுவதையும் தன்னிடமே வைத்துக்கொள்ள யுனிவர்சல் முயல்கிறது.

டிஸ்னியும் சும்மா இருக்கவில்லை. பூங்காக்கள், சுற்றுலாக் கப்பல்கள் ஆகியவற்றுக்குப் பத்து ஆண்டுகளில் 6,000 கோடி டாலர் செலவிடப்போவதாக 2023-ல் அறிவித்தது. 2024-ல் வில்லன்களுக்கான தனிப் பகுதி, கார்ஸ் திரைப்படப் பகுதி, மான்ஸ்டர்ஸ் திரைப்படப் பகுதி, அனிமல் கிங்டத்தில் வெப்பமண்டல அமெரிக்கப் பகுதி எனத் திட்டங்களை வரிசையாக வெளியிட்டது.

புதியவை வருவதற்காக எவை போயின?

மேஜிக் கிங்டம் திறந்த 1971 முதல் ஓடிய செயற்கை ஆறும், அதில் சுற்றிவந்த துடுப்புச் சக்கரக் கப்பலும், நடுவில் இருந்த தீவும் 2025 ஜூலையில் மூடப்பட்டன. அங்கே கார்ஸ் பகுதி வருகிறது. காத்திருப்பு இல்லாமல், நிழலில் நடந்து இளைப்பாறிய இடம் அது. அதை இழந்ததில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இந்த இரு நிறுவனங்களின் வேலிக்கு வெளியே இழப்பு இன்னும் பெரியது. விண்டர் ஹேவனில் 1936-ல் தொடங்கிய சைப்ரஸ் கார்டன்ஸ், நீர்ச்சறுக்குக் காட்சிகளுக்குப் பெயர்போன பூந்தோட்டப் பூங்கா. பெரிய நிறுவனங்களின் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2003-ல் மூடி, மறு ஆண்டு கைமாறித் திறந்து, 2009-ல் மீண்டும் மூடியது. 2011 முதல் அந்த இடம் லெகோலேண்டாக இயங்குகிறது. பழைய தோட்டத்தை அழிக்காமல் விட்டது நல்ல முடிவு. 1939-ல் சிறு கன்றாக நடப்பட்ட ஆலமரம் விழுதுகள் இறக்கி இன்றும் அங்கே நிற்கிறது.

போட்டியால் கட்டணம் குறைந்ததா?

இல்லை. 1971-ல் நுழைவுக் கட்டணம் 3.50 டாலர், சவாரிகளுக்கு A முதல் E வரை தனிச் சீட்டுகள் இருந்தன. 2025 கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டத்துக்கு ஒரு நாள் சீட்டு 199 டாலர். நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரியில் ஏற 1999-ல் இலவசமாகத் தொடங்கிய முன்பதிவு வரிசை, 2021 முதல் பணம் கட்டும் வசதியாகிவிட்டது. அந்த வசதியில் 2024-ல் அறிமுகமான மிக உயர்ந்த வகைச் சீட்டு, நெரிசல் நாளில் ஒருவருக்கு 449 டாலர்வரை சென்றது. வரிசையை நீளமாக்கும் அதே பூங்கா, வரிசையிலிருந்து தப்பும் வழியையும் விற்கிறது. சாதாரண வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு இது நியாயமன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாதுகாப்பை யார் கண்காணிக்கிறார்கள்?

புளோரிடாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களும் சொந்த ஆய்வாளர்களும் கொண்ட பெரிய பூங்காக்களுக்கு மாநில அரசின் வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு உண்டு. காயங்கள் பற்றிய விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவையே அரசுக்குத் தெரிவிக்கின்றன. 2025 செப்டம்பரில் எபிக் யுனிவர்ஸின் ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ் ரோலர் கோஸ்டரில் சென்ற ஒருவர் இறந்தார். அது விபத்து என மருத்துவ ஆய்வாளர் பதிவு செய்தார். சவாரி சில வாரங்கள் மூடப்பட்டிருந்தது. உடல்நிலை பற்றிச் சவாரியின் வாசலில் உள்ள எச்சரிக்கைப் பலகையை நின்று படிப்பதும், ஐயம் இருந்தால் ஊழியரிடம் கேட்பதும் அவசியம்.

சிறு குழந்தைகளும் வயதான பெற்றோரும் உடன் வந்தால் எப்படித் திட்டமிடுவது?

முதலில் குழந்தையின் உயரத்தை வீட்டிலேயே அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். காஸ்மிக் ரீவைண்டுக்கு 42, டிரான், ஹாக்ரிட், ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ் ஆகியவற்றுக்கு 48, வெலோசிகோஸ்டருக்கு 51 அங்குலம் வேண்டும். 42 அங்குலத்துக்குக் குறைந்த குழந்தை இருந்தால் மேஜிக் கிங்டமே அதிகம் பயன்படும். ஜூன் முதல் செப்டம்பர்வரை பிற்பகல் மழை ஏறத்தாழ அன்றாட நிகழ்ச்சி என்பதால், திறந்தவெளிச் சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். இரண்டு நிறுவனங்களின் வளாகங்களுக்கும் இடையே காரில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைப்பது வேண்டாம். எழுபது வயதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்கு யுனிவர்சலில் எதையாவது காட்ட வேண்டுமென்றால், இரண்டு பூங்காக்களையும் இணைக்கும் அந்த ஹாரி பாட்டர் ரயிலில் அழைத்துச் செல்லுங்கள். உயரக் கட்டுப்பாடு கிடையாது, குலுக்கல் கிடையாது. போகும் பாதையிலும் திரும்பும் பாதையிலும் ஒரு முறை சென்றுவர வேண்டும், ஏனெனில் சன்னலில் ஓடும் காட்சி ஒன்றல்ல.